மாமா வைக்கிற இடம்

தொட்டியை இன்னும் இறக்கவில்லை. இறக்கியிருந்தால் சத்தம் கேட்டிருக்கும். மாடிப்படியின் கடைசிக் கல் பெயர்ந்து கிடக்கிறது, யார் கால் வைத்தாலும் டொக்கென்று ஆடும், தொட்டியோடு இறங்கினால் தண்ணீர் தளும்பித் துணியில் விழும், ரிஸ்வானா "ச்சை" என்பாள். டொக்கும் இல்லை, ச்சையும் இல்லை. அப்படியென்றால் ஆமை இரண்டும் இன்னும் மேலேதான் கிடக்கின்றன, மாசி மாத வெயிலில், துளித் தண்ணீரில். நாஷ்டா முடிந்ததும் தொட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். "மாமா வைக்கிற எடத்துலதான் வச்சிருக்கேன் மாமி, பொண்ணுக்குச் சேல கட்டிவிட்டுட்டு இந்தா ஓடியாந்துருதேன்" என்று பர்தாவை மாட்டிக்கொண்டு போனாள். கல்யாண வீட்டுக்குப் போனவள் இந்தா என்று எப்போது வந்திருக்கிறாள். சேலையைக் கட்டி, அதை நாலு பேர் குறை சொல்லி, அவிழ்த்துத் திரும்பக் கட்டி, யாரோ காப்பி கொண்டுவந்து, காப்பிக்கு நடுவில் யாருடைய கழுத்தில் புது நகை என்று பார்த்து. ரிஸ்வானா மீராள் மைனியின் மருமகள். மைனி, ரிஸ்வானா மாமா என்கிற என் வீட்டுக்காரரின் அக்கா. ஒரே வீடு, முன்கட்டு அவர்களுக்கு, பின்கட்டு எங்களுக்கு. எங்களுக்கு என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. எல்லோரும் கல்யாணத்துக்குப் போயாயிற்று, நான் மட்டும் தெற்கு ஜன்னலுக்குப் போர்வை போட்ட இந்த அறையில் இத்தா இருக்கிறேன். புருஷன் மௌத்தாகிப் போனால் பெண் வெளியே தலைகாட்டாமல் நாலு மாதம் பத்து நாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று தெரியவும்தான் இந்தக் கணக்கு என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்த ஆலிமா சொன்னது ஞாபகம். என் வயிற்றில் இனி என்ன தெரியப்போகிறது, ஊரே எட்டிப் பார்த்து ஓய்ந்த வயிறு. குறையாகச் சொல்லவில்லை. அவருக்காக இருக்கிறேன், முழுசாக இருந்து முடிப்பேன். ஆனால் இப்போது யாராவது வந்து அந்தத் தொட்டியை இறக்கவேண்டும்.

வெந்துவிடும் என்றார் டாக்டர். அவர் மாட்டு டாக்டர், ஜங்ஷன் பக்கம், ரிஸ்வானா போன் போட்டு என் கையில் கொடுத்தாள், நான் திரைக்குப் பின்னால் இருந்து பேசுகிறவள் மாதிரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேசினேன். ஆமையா என்று இரண்டு தடவை கேட்டார். ஆமைதான், சின்னது, குஞ்சு, கன்னத்தில் சிவப்புக் கோடு, தண்ணீரிலே கிடக்கும், ஒன்றுக்கு ஓடு மெத்தென்று ஆகிவிட்டது என்றேன். "சுண்ணாம்புச் சத்து கொறவும்மா. வளர்ற வயசுல ஓடும் வளரணும்ல, சத்து இல்லேன்னா அது எங்க போயி வாங்கும்? முட்டை ஓடு, கணவா ஓடு பொடிச்சுத் தீனியில கலந்து குடுங்க." கொடுக்கிறேனே என்றேன், தினமும் கொடுக்கிறேன். "வெயில் படுதா? வெயில் படலேன்னா நீங்க மூட்டை மூட்டையாக் குடுத்தாலும் ஒடம்புல ஒட்டாது. கண்ணாடி வழியா வர்ற வெயில் சேத்தி இல்ல, நேரா படணும். அதுக்காக மத்தியானம் வரை போட்டுராதிய, ஒதுங்க நிழல் இல்லேன்னா வெந்துரும்." வெந்துரும். அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து அரிசி கொதிக்கும் சத்தம்கூட எனக்கு ஆகவில்லை. நீல பிளாஸ்டிக் தொட்டி, விளிம்பில் விரிசல், சூடு ஏறினால் ஒரு வாசனை வரும் அதில், என் வீட்டுக்காரர் காலையில் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அந்த வாசனையும் டீ வாசனையும் சேர்ந்து வரும். படுகிறது டாக்டர், தினமும் காலையில் மாடியில் வைக்கிறோம் என்றேன். அப்போ தேறிரும் என்றார். தேறவில்லை. அதுதான் எனக்குப் புரியாதது. பொடியும் போகிறது, மாடிக்கும் போகிறது, சின்னவன் ஓடு மட்டும் நாளுக்கு நாள் இளகுகிறது.

சின்னவன், பெரியவன். பேர் வைத்தது அவர். கடைக்குக் கைப்பைச் சரக்கு எடுக்க மெட்ராஸ் போனவர், கைப்பையோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் தண்ணீரும் அதில் பாதாம் கொட்டை அளவுக்கு இரண்டு பச்சையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். இந்த வயதில் இது என்ன கூத்து மச்சான் என்றேன். "ரயில்ல எல்லாரும் பாத்தாவ ஜொகரா. ஒரு புள்ள அழுகைய நிறுத்திட்டுப் பாத்துச்சு" என்றார். அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் ராத்திரி முழுக்கப் பேசினார், ஆமையைப் பற்றி இல்லை. எனக்கு எரிச்சல். மீன் நாற்றம் எனக்கு ஆகாது, ஆனால் மீன்காரியிடம் கணவாய் ஓடு சொல்லிவைத்து வாங்கி, வெயிலில் காயவைத்து, பழைய பிளேடால் சுரண்டி வெள்ளைத் தூளைக் கூனி இறாலில் பிரட்டி அவர் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் குளிக்குமுன் ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். என் விரலையும் பிடித்து வைப்பார். "பாரு, கல்லு மாதிரி. நாம போனாலும் இது கெடக்கும், நாப்பது வருசம் கெடக்கும்." அதற்கு நான் என்ன சொன்னேன். நம்ம போன பிறகு இதுகளுக்கு யாரு ஓடு சுரண்டுவா என்றேன். அவர் சிரித்தார். சின்னவன் ஓட்டை நேற்று நானே அழுத்திப் பார்த்தேன், துணி துவைத்து ஊறிப்போன நகம் மாதிரி உள்ளே போனது. விரலை எடுத்தும் பள்ளம் உடனே நிமிரவில்லை. கண் வேறு வீங்கி மூடிக்கொண்டது, கூனியை மூக்கருகே வைத்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறது. பயமாக இருக்கிறது.

ஆமை வீட்டுக்கு ஆகாது என்று அவர் கொண்டுவந்த அன்றே சொன்னார்கள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மையத்தைத் தூக்கிப்போய் அடக்கிய அன்று, நான் மூலையில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு முன்னாலேயே ஒருத்தி, பேர் வேண்டாம், டீயை ஆற்றிக்கொண்டே, "ஆம வந்துச்சு, ஆளு போச்சு" என்றாள். யாரும் அவளை அடக்கவில்லை. மீராள் மைனி கெட்டவள் இல்லை, அன்றைக்குத் தம்பியைப் பறிகொடுத்தவள், அவளுக்குக் கோபத்தைக் கொட்ட ஏதாவது வேண்டும். "ஏ ஜொகரா, ரெண்டையும் ஆத்துல விட்டுருவோம்ளா, நம்ம வீட்டுக்கு வேண்டாம்" என்றாள். விடமாட்டேன் என்றேன். இந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை, எனக்கே என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. அவர் வளர்த்தது மைனி, அவர் கையால் தீனி தின்றது மைனி. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். "சரி, வச்சுக்கோ. ஒண்ணு செத்தா அன்னைக்கே மத்தது ஆத்துக்குப் போயிரும், அப்புறம் நீ அழக்கூடாது." நான் தலையாட்டினேன். அதிலிருந்து நான் அவரை நினைத்து அழுததைவிட முட்டை ஓடு இடித்ததுதான் அதிகம். ஓட்டை வேகவைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வை நகத்தால் உரித்து, சட்டியில் வறுத்து, மிக்சியின் சின்ன ஜாரில் போட்டு, அவருடைய பழைய வேட்டித் துண்டில் சலித்து. மாவாக விழும். முட்டி வலிக்கு டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்த சுண்ணாம்புச் சத்து மாத்திரையிலும் பாதி ஒடித்துச் சின்னவனுக்குத் தூளாக்கிப் பார்த்தேன், எனக்கு என்ன, இந்த முட்டி எங்கே நடந்து போகப்போகிறது. வறுக்கும்போது எழும் வாசனைக்கு மைனி முன்கட்டிலிருந்து, "யாரு வீட்டுலளா மயிரு கருகுது" என்று கேட்பாள், வேண்டுமென்றேதான் கேட்பாள். நான் பொடியைக் காகிதத்தில் கொட்டி மடக்கி வைப்பேன்.

இன்னும் டொக்கு இல்லை. போர்வையின் ஓரத்தில் விழும் வெளிச்சக் கோடு சுவரிலிருந்து இறங்கிப் பாய்க்கு வந்துவிட்டது. அதாவது சூடு ஏறிவிட்டது. நானே போய் இறக்கினால் என்ன. படி ஏறினால் மாடி, மாடிக்குப் பக்கத்தில் புது வீடு கட்டுகிறார்கள், முழுக்க ஆம்பிளைகள். அவர் இருந்தபோது அங்கே அஸ்திவாரம் போட்டு முள் முளைத்துக் கிடந்தது, அவர் போய் இரண்டாவது வாரமே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள், நான் இங்கே யாஸீன் ஓதிக்கொண்டிருப்பேன், அங்கே செங்கல்லைத் தட்டி உடைப்பார்கள். முதலில் சத்தம் ஜன்னல் உயரத்தில் கேட்டது. பிறகு விட்டத்துப் பக்கம் போனது. இப்போது தலைக்கு மேலே எங்கேயோ கேட்கிறது, கரண்டி உரசுவது, வாளிக் கயிறு கிறீச்சென்று ஏறுவது, "லேய், ரசமட்டத்த எங்கடா வச்ச" என்று கொத்தனார் கத்துவது. அவன் நின்றால் நம் மாடி முழுக்கத் தெரியும். நான் போய் நிற்கமுடியுமா. முடியும். துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வர எவ்வளவு நேரமாகும். பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் ரிஸ்வானா கேட்டே வந்தாள், சொந்த வீட்டு மாடி வெளியில் ஆகாது, தேவைக்குப் போகலாம் என்றாராம். மைனிகூடச் சொன்னாள். அந்த மைனியே, ஒரு சாயங்காலம் என் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூஞ்செல்லாம் வெளுத்துப் போச்சேளா. செத்த மாடியில போயி நில்லு, யாரு என்ன சொல்லிருவா, நான் இருக்கேன்" என்றாள். வேண்டாம் மைனி, இத்தாவில் எதற்கு என்றேன். அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். தெரிந்துவிட்டதோ அவளுக்கு. தெரிந்திருக்கும்.

டீ ஆறுது மச்சான். அப்படித்தான் கூப்பிட்டேன் அவர் போன அன்றைக்கும், அந்தப் படிக்குக் கீழே நின்று. தொட்டியை எடுத்துக்கொண்டு மேலே போனார், செருப்புச் சத்தம் கேட்டது, தொட்டியை இறக்கும் சத்தம் கேட்டது, பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை இழுக்கும் சத்தம். டீ ஆறுது. பதில் இல்லை. ஆமையைப் பார்த்தால் அவருக்குக் காது கேட்காது, அது தெரிந்த கதை. மறுபடி கூப்பிட்டேன். கொஞ்சம் கோபமாகவே கூப்பிட்டேன். அப்போது படியில் கால் வைத்தேன், ஏறவில்லை, முட்டி வலித்தது, எதற்கு ஏறவேண்டும், வந்தால் வரட்டும். ஏடு கட்டிப்போன டீயை யார் குடிப்பது என்று சொல்லிக்கொண்டே அவர் டீயை எடுத்து நானே குடித்தேன். இனிப்பு அதிகம் அவருக்கு. அந்த இனிப்பு நாக்கில் இருக்கும்போதுதான் ரிஸ்வானா துணி காயப்போட மேலே போனாள். அவள் சத்தம் போட்டாள். அவள் போட்ட சத்தத்தில் வார்த்தையே இல்லை. அவரைக் கீழே கொண்டுவந்தார்கள், தொட்டியையும் பிறகு யாரோ கொண்டுவந்தார்கள், நான் மேலே போகவே இல்லை. அன்றும் போகவில்லை, அதற்குப் பிறகும். உட்கார்ந்தபடியே நெஞ்சு நின்று ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்றார் பார்க்க வந்த டாக்டர். நான் முதல் தடவை கூப்பிட்டபோதா, இரண்டாவது தடவையா. நான் குடித்துக்கொண்டிருந்தபோதா. அந்த நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறதாம், ரிஸ்வானா அதில் உட்கார்ந்துதான் ரியாத்தில் இருக்கும் புருஷனோடு பேசுகிறாள், ஆமையைப் பார்த்துக்கொள்கிற சாக்கில். இத்தா இத்தா என்று எல்லோரிடமும் சொன்னேன். அல்லா என்னை மன்னிக்கட்டும், அவன் விதித்ததற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். ஆம்பிளைகள் பார்த்துவிடுவார்கள் என்பதெல்லாம் இல்லை. எனக்கு அந்த நாற்காலியைப் பார்க்கவேண்டாம்.

வெளிச்சக் கோடு பாயின் நடுவுக்கு வந்துவிட்டது. வெந்துரும். கூப்பிட்டுப் பார்க்க மேலே ஆள்கூட இல்லை, ஆமை பதில் சொல்லுமா. எழுந்துவிட்டேன். முட்டி கடகடவென்றது. துப்பட்டியை எடுத்துப் போர்த்தினேன், பிஸ்மி சொன்னேன், பெயர்ந்த கல்லில் கால் வைத்தேன், டொக். என் காலில் அது ஆடி மாதக்கணக்காயிற்று. ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டேன், சுவரில் அவர் கை பட்டுப்பட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இடம் இருந்தது, அதையே பிடித்துக்கொண்டு ஏறினேன். மேலே கதவு திறந்து கிடந்தது. வெயில் முகத்தில் அறைந்தது, கண்ணைத் திறக்கவே முடியவில்லை, தண்ணீர் கொட்டியது. தொட்டியைத் தேடினேன், வெயிலில் தேடினேன், கிழக்கே கைப்பிடிச் சுவர் ஓரம் அவர் எப்போதும் வைக்கும் இரண்டு செங்கல்லுக்கு நடுவில்தான் இருந்தது. ஓடிப்போய்க் கையை விட்டேன். தண்ணீர் சில்லென்று இருந்தது.

குளிர்ந்த தண்ணீர். கிணற்றிலிருந்து அப்போதுதான் இறைத்த மாதிரி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பூசாத செங்கல் சுவர், எனக்கு முன்னால், நம் கைப்பிடிச் சுவரை ஒட்டினாற்போல, என்னைப்போல இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. அதன் நிழல் மாடியின் கிழக்குப் பாதியை மூடியிருந்தது. தொட்டி நிழலில், செங்கல் நிழலில், அவர் நாற்காலி நிழலில். அந்தப் பக்கம் மேற்கே தரை காய்ந்து கொதிக்கிறது, பிரண்டைக்கொடி வதங்கிக் கிடக்கிறது, இங்கே பாசி பிடித்திருக்கிறது. அவர் இருந்தவரை விடிந்ததும் முதல் வெயில் விழுகிற இடம் இது. அதனால்தானே வைத்தார். தினமும் ரிஸ்வானாவிடம் என்ன சொல்லி அனுப்பினேன். "மாமா வைக்கிற எடத்துல வையி, அங்க இங்க மாத்திராத." அவள் மாற்றவில்லை, பாவம், சொன்னதைச் செய்தாள், அவளுக்கும் உட்கார்ந்து பேச நிழல் வசதியாக இருந்திருக்கும். இடித்தேன், வறுத்தேன், சலித்தேன், மாத்திரையை ஒடித்தேன், கீழே உட்கார்ந்துகொண்டு தலைக்கு மேலே சுவர் எழும்புவதை ஒவ்வொரு நாளும் காதால் கேட்டேன். வெயில் எங்கே விழுகிறது என்று ஒரு தடவை வந்து பார்க்கவில்லை. சின்னவன் தண்ணீரின் மேல் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தான். எடுத்தேன். நாலு காலும் தொங்கின. கனமே இல்லை. தலையைத் தொட்டேன், உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. ஓட்டைப் பெருவிரலால் அழுத்தினேன், எதற்கு அழுத்தினேன் என்று தெரியவில்லை, பழக்கம், மெத்தென்று உள்ளே போனது. சத்தமில்லாமல் அழுதேன். அவருக்கு அழாததெல்லாம் சேர்ந்து வந்தது.

பெரியவன் ஒரு மூலையில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தான். தொட்டுப் பார்த்தேன், ஓட்டின் ஓரத்தில் இவனுக்கும் இளக ஆரம்பித்திருந்தது. தொட்டியைப் பிடித்து மேற்கே இழுத்தேன், பிளாஸ்டிக் தரையில் கரகரவென்று உரசியது, முட்டி போட்டுக்கொண்டே இழுத்து வெயிலில் விட்டு, ஒதுங்க நிழல் வேண்டுமே என்று நாற்காலியை எடுத்துவந்து தொட்டியின் பாதிக்கு மறைப்பாக நிறுத்தினேன். நாற்காலியைத் தொட்டேன். வெறும் நாற்காலிதான். சுவருக்கு மேலே கரண்டிச் சத்தம் நின்றது. கொத்தனார் என்னைப் பார்த்துவிட்டான். ஒரு வயதான ஆள், தலையில் துண்டு, பார்த்ததும் முதுகைக் காட்டி அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, கீழே யாரிடமோ, "கொஞ்ச நேரம் யாரும் மேல வராதீய" என்றான். பெரியவன் கழுத்து கொஞ்சம் வெளியே வந்தது. கன்னத்துச் சிவப்புக் கோடு தெரிந்தது. பின்னங்காலை நீட்டினான், விரல்களை விரித்து, வெயிலுக்குக் காட்டினான். சின்னவனை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தரை சுட்டது. என் கை எவ்வளவு வெளுத்துவிட்டது, நரம்பெல்லாம் தெரிகிறது. மைனி கேட்பாள். பேசின பேச்சு அப்படி, ஒன்று செத்தால் மற்றது அன்றைக்கே. கேட்கட்டும். கொடுக்கமாட்டேன். நாளையிலிருந்து நானே தூக்கிக்கொண்டு வருவேன், வெயில் எங்கே போகிறதோ அங்கே இழுத்துக்கொண்டு போவேன்.

கீழே முன்கட்டுக் கதவு திறந்தது. தூக்குச்சட்டி வைக்கிற சத்தம். "ஏ ஜொகரா, இடியாப்பமும் கறியும் கொண்டாந்திருக்கேன், சூட்டோட தின்னு." மைனிதான், எனக்காகக் கல்யாண வீட்டிலிருந்து வந்திருக்கிறாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுது அடைத்த தொண்டையில் காற்றுதான் வந்தது. அறைக் கதவு தள்ளப்பட்டது. "ஜொகரா?" படிக்குக் கீழே வந்துவிட்டாள். "ஏளா, மேலயா இருக்க?" பெரியவன் தண்ணீரை விட்டுத் தொட்டிக்குள் கிடந்த கல்லின் மேல் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஜொகரா!" மூன்றாவது தடவை அந்தக் குரல் மாறிவிட்டது. டொக்கென்றது கல். அவளுக்கு மூட்டுவலி, ரத்தக்கொதிப்பு, படியே ஏறமாட்டாள், ஏறுகிறாள், மூச்சு இரைக்க, யா அல்லா யா அல்லா என்று ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டு. நான் அன்று ஏறாத படிகளை அவள் ஏறுகிறாள். தொண்டையைச் செருமினேன். வரவில்லை. மறுபடி செருமினேன்.

"இருக்கேன் மைனி" என்றேன். "நான் இருக்கேன், மெல்ல வாங்க."